நீட் மதிப்பெண் குறைந்தால் கால்நடை மருத்துவமும் போச்சா?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. நான்கு பக்கம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் நான்கு கறவை மாடுகள், பால் சொசைட்டிக்குப் போகிறது. குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. மூத்த மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தமிழ் வழி, ப்யூர் சயின்ஸ் குரூப், 600க்கு 547. மாடுகளுக்குச் சினை ஊசி போட வரும் டாக்டரம்மாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து, தானும் அப்படி ஆக வேண்டும் என்கிறாள். நீட் தேர்வும் எழுதினாள்; 290 வரும் என்று விடைக்குறிப்பை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். "இந்த மார்க்குக்கு மாட்டு டாக்டர் சீட்டும் கிடைக்காது" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டதால் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் மதுரையிலிருந்து 'கன்சல்டன்சி' என்று ஒருவர் போன் செய்து, பக்கத்து மாநிலத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கால்நடை மருத்துவ சீட் இருப்பதாகவும், மொத்தம் 20 லட்சம் ஆகும் என்றும், சீட்டை 'பிளாக்' செய்ய இந்த வாரமே 50,000 ரூபாய் அனுப்பச் சொல்லியும் நெருக்குகிறார். அவ்வளவு முடியாதென்றால் பி.எஸ்சி. அனிமல் சயின்ஸ் சேருங்கள், அதைப் படித்தாலும் டாக்டர் போர்டு மாட்டலாம் என்கிறாராம். இரண்டு மாட்டை விற்று முன்பணம் கட்டலாமா என்பது தாயின் கேள்வி. கூடவே, மகள் அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் ஃபுட் டெக்னாலஜி சேரலாமா, விலங்கியல் படித்துவிட்டுப் பிறகு கால்நடை மருத்துவத்துக்கு மாற முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

மாடுகளை விற்க வேண்டாம். அந்த 50,000 ரூபாயையும் அனுப்ப வேண்டாம். மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

உங்கள் உறவினர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் வேண்டுமென்றே தவறாகச் சொல்லவில்லை, ஊர் முழுக்க இருக்கிற குழப்பம்தான் அது. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டுக்கும் நீட் இல்லாமல் நுழைய முடியாது. கால்நடை மருத்துவமும் 'மருத்துவம்' என்பதால் அதற்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நாம் தானுவாஸ் என்று சொல்கிறோமே, அது மாநில இடங்களை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. நீட் அங்கே கணக்கிலேயே வராது. 290 எடுத்தாலும் ஒன்றுதான், எழுதாமலே இருந்தாலும் ஒன்றுதான்.

நீட் எங்கே வேலை செய்கிறது என்றால், அகில இந்திய ஒதுக்கீட்டில். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் 15 சதவீத இடங்களை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் தனியாகக் கலந்தாய்வு நடத்தி நிரப்புகிறது. அதற்கு நீட் தரவரிசைதான் அளவுகோல். பக்கத்திலுள்ள புதுச்சேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சேர்க்கைக்கு நீட்தான். உங்கள் மகளின் 290ஐ வைத்து இந்த இரண்டு இடத்திலும் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விருப்பமிருந்தால் கவுன்சில் கலந்தாய்வுக்குப் பதிந்து வைக்கலாம், அவ்வளவுதான். நம் முழுக் கவனமும் தானுவாஸ் விண்ணப்பத்தில் இருக்கட்டும்.

547 அல்ல, 186

கடிதத்தில் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக எழுதியிருந்தீர்கள், அது நல்லதாகப் போயிற்று. தமிழ் 91, ஆங்கிலம் 84, இயற்பியல் 88, வேதியியல் 92, தாவரவியல் 95, விலங்கியல் 97. நீங்கள் 547ஐ வைத்து '91 சதவீதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கலந்தாய்வில் அந்த எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள்.

கட்-ஆஃப் 200க்குப் போடுவார்கள். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உங்கள் மகள் ப்யூர் சயின்ஸ் என்பதால் அவளுக்கு உயிரியல் என்று தனிப் பாடம் கிடையாது; தாவரவியலையும் விலங்கியலையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். 95, 97. சராசரி 96. இயற்பியலில் பாதி 44, வேதியியலில் பாதி 46. ஆக 186. தமிழும் ஆங்கிலமும் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் ஆங்கிலத்தில் தேர்ச்சி கட்டாயம். கவுன்சில் விதிப்படி ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் சேர்த்துப் பார்க்கிற குறைந்தபட்சத் தகுதியும் ஒன்று இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. உங்கள் மகள் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள். சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும் என்பதிலும் அவளுக்குச் சிக்கல் இல்லை.

186க்கு இடம் கிடைக்குமா? உண்மையைச் சொல்கிறேன், இது ஊசலாடுகிற எண். தரவரிசையின் மேல்வரிசையில் 200க்கு 200 எடுத்தவர்கள் இருப்பது இப்போதெல்லாம் வாடிக்கையாகிவிட்டது. ஆனால் அந்த மேல்வரிசைப் பிள்ளைகளில் பலருக்குக் கண் எம்.பி.பி.எஸ். மேல்தான். கால்நடை மருத்துவத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்திருப்பார்கள். மருத்துவக் கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் இங்கிருந்து விலகுவார்கள். அந்த இடங்கள் அடுத்த சுற்றில் கீழே இருப்பவர்களுக்கு வரும். எனவே முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்று அழுதுவிட்டு, இரண்டாவது சுற்றுக்கான மின்னஞ்சலைப் பார்க்காமல் இருந்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் சோகம். விண்ணப்பத்தில் கொடுக்கும் போன் நம்பரும் மின்னஞ்சலும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கிற போனில் இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. "நாங்கள் பி.சி., எங்களுக்கு 26.5 சதவீதத்தில்தான் போட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்கச் சரியில்லை. தமிழ்நாட்டில் 69 சதவீதம் ஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. மதிப்பெண் இருந்தால் எந்தச் சமூகத்துப் பிள்ளையும் அதில் வரலாம். அப்படிப் பொதுவில் இடம் பெறும் பி.சி. மாணவர் பி.சி. ஒதுக்கீட்டின் எண்ணிக்கையில் கழிக்கப்பட மாட்டார். அதனால் உங்கள் மகளுக்கு மேலே இருக்கிற பி.சி. பிள்ளைகள் எல்லோரும் அந்த 26.5க்குள் இருந்துதான் இடத்தை எடுப்பார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை.

விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது ஒரு தவறு செய்யாதீர்கள். "வயசுப் பிள்ளை, தேனி கல்லூரி மட்டும் போட்டால் போதும்" என்கிற உங்கள் கணவரின் எண்ணம் புரிகிறது. ஆனால் மாநிலத்தில் இருப்பது சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று ஏழு கல்லூரிகள். எல்லாம் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம் இடங்கள். அதில் ஆறு கல்லூரிகளை நீங்களே அடித்துவிட்டால் 186 வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாடத்திட்டம் எங்கேயும் ஒன்றுதான், கவுன்சில் வகுத்தது. ஊருக்கு ஊர் மாறுவது, பிள்ளைகள் கையில் வந்து விழும் கேஸ்கள். நாமக்கல்லில் கோழி, அந்த ஊரே முட்டையில் நிற்கிறது. வேப்பேரியில் நாயும் பூனையும் விடிய விடிய வரும். 1903ல் தொடங்கிய கல்லூரி அது, ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் ஓயாது. ஏழையும் போடுங்கள். தேனியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை.

7.5 சதவீதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது

இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. மகள் 6 முதல் 8 வரை பக்கத்து ஊரிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளியிலும், 9 முதல் 12 வரை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலும் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். "ரெண்டும் கவர்மென்ட் ஸ்கூல்தானே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இலவசப் புத்தகம் வருகிறது, சத்துணவு போடுகிறார்கள், ஃபீஸ் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு அது கவர்மென்ட் ஸ்கூல்தான். சட்டத்துக்கு அப்படியில்லை. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு 2021ல் கொண்டுவந்த சட்டம், 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் இந்த ஒதுக்கீட்டைத் தருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. உதவிபெறும் பள்ளி இந்த இரண்டிலும் வராது.

ஆனாலும் ஒரு விஷயத்தைச் சரிபார்க்கச் சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நிறைய உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் போல அவையும் அரசுப் பள்ளி என்றே கணக்கில் வரும். நீங்கள் 'உதவிபெறும் பள்ளி' என்று எழுதியது ஒருவேளை அந்த வகையாக இருந்தால் கதையே மாறிவிடும். பழைய டி.சி.யை எடுத்துப் பாருங்கள். சந்தேகமிருந்தால் இப்போது படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் போய் எமிஸ் பதிவில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) அந்த மூன்று ஆண்டுகளும் எந்த வகைப் பள்ளி என்று காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

அங்கே 'உதவிபெறும்' என்று இருந்தால் விண்ணப்பத்தில் 7.5 கட்டத்தை டிக் செய்யாதீர்கள். "போட்டு வைப்போம், கிடைத்தால் கிடைக்கட்டும்" என்று யாராவது சொல்வார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் எமிஸோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தப்பான தகவல் தெரிந்தால் விண்ணப்பமே தள்ளுபடியாகும். சேர்ந்த பிறகு தெரிந்தால் இடமே போய்விடும். பொதுக் கலந்தாய்வில் நேர்மையாக நிற்கிற வாய்ப்பையும் இதற்காக இழக்க வேண்டாம்.

இதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைக்கக்கூடிய இரண்டைச் சொல்கிறேன். குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அடுத்து, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். முதலில் அது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. பிறகு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பம் வாங்குவார்கள். ஒரு சட்டம் 'இது அரசுப் பள்ளி இல்லை' என்கிறது, இன்னொரு திட்டம் 'பரவாயில்லை, வா' என்கிறது. நம்மூரில் எதையும் உத்தரவைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

அந்த மதுரை போன்

தானுவாஸ் கல்லூரிகளில் மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்று கிடையாது. வெளிநாடு வாழ் இந்தியர் பிரிவில் கொஞ்சம் இடம் உண்டு, கட்டணமும் அதிகம். ஆனால் அதற்கும் பல்கலைக்கழகமே தனி விண்ணப்பம் வாங்கி, பட்டியல் வெளியிட்டு, பணத்தைத் தன் கணக்கில்தான் வாங்குகிறது. இடையில் எந்த மதுரை அண்ணாச்சிக்கும் வேலையில்லை.

அவர் சொல்வது பக்கத்து மாநிலத் தனியார் கல்லூரி என்பதால் அதையும் பார்த்துவிடுவோம். தனியார் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் நாட்டில் இருக்கின்றன, ஒழுங்காக நடப்பவையும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கல்லூரியின் பட்டத்தை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்திருக்கிறதா? புதுக் கல்லூரிக்கு முதலில் தொடங்க அனுமதிக் கடிதம் கிடைக்கும். முழு அங்கீகாரம் முதல் பேட்ச் படித்து முடிக்கும் கட்டத்தில்தான் வரும். இடையில் ஆய்வில் தேறாவிட்டால் மாட்டிக்கொள்வது மாணவர்கள். ஏஜென்ட் காட்டுவது பெரும்பாலும் அந்த அனுமதிக் கடிதத்தின் ஜெராக்ஸாகவோ, 'யு.ஜி.சி. அப்ரூவ்ட்' என்று அச்சடித்த நோட்டீஸாகவோ இருக்கும். யு.ஜி.சி. வேறு, கவுன்சில் வேறு. கல்லூரியின் முழுப் பெயரைக் கேளுங்கள். கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லவே அவர் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பி.எஸ்சி. அனிமல் சயின்ஸ் படித்தால் டாக்டர் போர்டு மாட்டலாம் என்பது அப்பட்டமான பொய். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984ன் படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் பார்க்க முடியும். பதிவு வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட பி.வி.எஸ்சி., ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு கட்டாய உள்ளுறைப் பயிற்சி, ஆக ஐந்தரை ஆண்டு. இதற்குக் குறுக்குவழி கிடையாது. அனிமல் சயின்ஸ் மோசமான படிப்பு என்று சொல்லவில்லை. பண்ணை நிர்வாகம், தீவன கம்பெனி, ஆராய்ச்சிக்கூடம் என்று போகிறவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் 'டாக்டர்' என்று சொல்லி அதை விற்பவரிடம் வாங்கக் கூடாது.

கிடைக்காவிட்டால்?

ஃபுட் டெக்னாலஜியை மறந்துவிடுங்கள். தானுவாஸ் சென்னைக்குப் பக்கத்தில் கொடுவள்ளியில் நடத்தும் ஃபுட் டெக், டெய்ரி டெக் இரண்டும் பி.டெக். படிப்புகள், பிளஸ் டூவில் கணக்கு வேண்டும். உங்கள் மகள் எடுத்த குரூப்பில் கணக்கு இல்லை. பத்தாவது முடித்த பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள்: டாக்டர் கனவு மட்டும் என்றால் ப்யூர் சயின்ஸ் போதும், உணவு, பால் தொழில்நுட்பத்தையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கணக்கும் உயிரியலும் உள்ள முதல் குரூப்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டுக் கால்நடை மருத்துவம் கேட்டால் கதவே திறக்காது. எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் சரி.

மீன்வளம் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். விலங்கு உயிர்களோடு வேலை செய்ய வேண்டும், அரசுப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், நீட் வேண்டாம் என்று தேடுகிற குடும்பங்கள் பி.எஃப்.எஸ்சி. என்ற நாலாண்டுப் படிப்பை ஏனோ பார்ப்பதே இல்லை. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977லிருந்து இருக்கிறது. பொன்னேரியிலும் கல்லூரி உண்டு. ப்யூர் சயின்ஸ் பிள்ளைகள் சேரலாம். மீன் குஞ்சுப் பொரிப்பகம், இறால் பண்ணை, மீன் நோய், பதப்படுத்துதல், ஏற்றுமதித் தரக் கட்டுப்பாடு என்று படிப்பும் வேலையும் பரந்து கிடக்கின்றன. அண்மை ஆண்டுகளில் இதற்கான விண்ணப்பத்தைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து ஒன்றாக வாங்கியிருக்கிறார்கள். தானுவாஸ் விண்ணப்பம் தனி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றைத் தவறவிடுபவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

விலங்கியல் படித்துவிட்டுக் கால்நடை மருத்துவத்துக்கு மாற முடியுமா என்றால், நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வசதியெல்லாம் இதில் இல்லை. மறுபடி முதலாமாண்டுக்குப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதே பிளஸ் டூ மதிப்பெண்ணோடு. அதனால் விலங்கியலைக் காத்திருக்கும் அறையாக நினைத்துச் சேராதீர்கள். விலங்கியலுக்கென்று சொந்தப் பாதை இருக்கிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி காட்டுயிரியலுக்குப் பேர் போனது. டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் காட்டுயிர் எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். அங்கே சேர்வதற்குப் படித்தது பெரிய கல்லூரியா என்பதைவிட, மூன்று வருடத்தில் பிள்ளை எத்தனை நாள் களத்தில் நின்றாள் என்பது பேசும். திருப்பதி போன்ற ஊர்களில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கும் ப்யூர் சயின்ஸ் மாணவர்கள் போகலாம். ஆனால் அவற்றின் நுழைவுத் தேர்வில் கணக்கும் ஒரு பகுதி. உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு அது கடந்துவிட்டது. தங்கைக்கு வேண்டுமானால் நினைவில் வையுங்கள்.

ஒரு வருடம் ரிப்பீட் பண்ணலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நீட்டுக்கு ரிப்பீட் செய்தால் நீட் மதிப்பெண் ஏறலாம். பிளஸ் டூ 186 அப்படியே நிற்கும். அடுத்த ஆண்டு தானுவாஸ் பட்டியலில் அவளுக்கு முன்னால் புதிதாக ஒரு பேட்ச் வந்து நிற்கும். ஆகவே நீட் ரிப்பீட் என்பது எம்.பி.பி.எஸ்.சையோ அகில இந்திய ஒதுக்கீட்டையோ குறிவைத்தால் மட்டும் அர்த்தமுள்ளது. அவளுக்கு அந்த ஆசை இல்லாவிட்டால் வேண்டாம்.

"பொம்பளப் பிள்ளைக்கு மாட்டு டாக்டர் வேலையா?"

இது உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறேன். 1950களின் தொடக்கத்திலேயே வேப்பேரியில் சக்குபாய் ராமச்சந்திரன் என்ற பெண் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார். இந்தியாவின் ஆரம்பகாலப் பெண் கால்நடை மருத்துவர்களில் அவர் ஒருவர். இன்று எந்தக் கால்நடைக் கல்லூரி வகுப்பில் எட்டிப் பார்த்தாலும் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். சினை ஊசி போட உங்கள் தொழுவத்துக்கு வருவதும் டாக்டரம்மாதானே.

பலம் வேண்டுமே என்பார்கள். கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட மாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலை வாசலுக்கு வந்திருக்கும். முன்னங்கால் ஒன்று முட்டியில் மடங்கி உள்ளே கிடக்கும். நாலு ஆம்பளைகள் கயிறு கட்டி இழுப்பார்கள், வராது. வரவும் கூடாது, மாடு கிழிந்துபோகும். செய்ய வேண்டியது, மாடு முக்குவதை விட்டு ஓய்கிற நேரம் பார்த்துக் கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவது. பிறகு கர்ப்பப்பைச் சுவரில் குளம்பு கீறாதபடி அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மடங்கிய காலை முன்னால் கொண்டுவருவது. கால் இரண்டும் தலையும் நேரானதும் மாடு முக்கும்போது மட்டும் இழுத்தால் போதும், வழுக்கிக்கொண்டு வரும். அந்த இடுக்கில் பெரிய கையைவிடச் சின்னக் கைக்கு வசதி அதிகம். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மாடு வளர்த்தவர், சட்டென்று புரிந்துகொள்வார்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுராத்திரி போன் வரும். கோமாரி வந்த ஊரில் நாள் முழுக்க ஊசி போட்டுவிட்டு வந்தால் வீட்டில் சாணி வாசம் போகாது. அப்புறம், படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் வழிப் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். ஆனால் உடற்கூறியலில் எலும்புக்கு எலும்பு வருகிற லத்தீன் பெயர்கள் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கும் புதுசுதான். அங்கே எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்பார்கள். படித்து முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. மூலம் கால்நடை உதவி மருத்துவர் பணி, ஆவின், கோழிப்பண்ணை நிறுவனங்கள், மருந்து கம்பெனி, நகரத்தில் செல்லப்பிராணி கிளினிக் என்று போகலாம். அரசு வேலை உடனே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு சேர வேண்டாம். நியமனம் எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: மகள் பெயரில் நிரந்தர சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள பெயரும் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலில் உள்ளதோடு ஒரு புள்ளிகூட மாறாமல் இருக்க வேண்டும். மாறியிருந்தால் தாலுகா ஆபீசில் இப்போதே திருத்துங்கள், கலந்தாய்வு வாரத்தில் ஓடினால் கூட்டத்தில் சிக்குவீர்கள். தானுவாஸ், மீன்வளம் இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். கூடவே அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலுக்கும். கலைக் கல்லூரிச் சேர்க்கை முதலில் முடிந்துவிடும், கால்நடைக் கலந்தாய்வு வரை அது காத்திருக்காது. இடம் வந்தால் சேர்ந்துவிடுங்கள், அரசுக் கல்லூரிக் கட்டணம் கையைக் கடிக்காது. சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நான்கைந்து நகலும் எடுத்து வையுங்கள். கால்நடை மருத்துவத்தில் பெயர் வந்துவிட்டால், ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி டி.சி.யைத் திரும்பக் கேளுங்கள். கல்லூரி அலுவலகங்களுக்கு இது பழகின விஷயம், கொடுத்துவிடுவார்கள்.